பிரியாணிதான் பிரசாதம்: வடக்கம்பட்டியில் ஒரு தை விடியல்

அந்தப் பெயர்ப் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'மதுரை ஸ்ரீ முனியாண்டி விலாஸ், அசைவ உணவகம்'. தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும், கொஞ்சம் கழுத்தைத் திருப்பினால் கண்ணில் படும். புதுச்சேரியில் உண்டு, கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலும் உண்டு. வாசலில் புரோட்டா கல், உள்ளே வாழை இலை, கல்லாவுக்கு மேலே மாலை போட்ட சாமி படம்.

பெயர் ஒன்றுதான். முதலாளி ஒருவர் இல்லை. இது கம்பெனி இல்லை. ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் கணக்கு வழக்கு கிடையாது. ஒரு கடையில் குழம்பு கெட்டியாக இருக்கும், இன்னொன்றில் தண்ணீராக ஓடும். தலைமை அலுவலகம் என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது.

ஆனால், தலைமை இடம் ஒன்று இருக்கிறது. மதுரையிலிருந்து தெற்கே, விருதுநகர் போகும் வழியில், திருமங்கலம் தாண்டி 40 கிலோமீட்டர் சொச்சம். கள்ளிக்குடி பக்கத்தில் இருக்கும் வடக்கம்பட்டி. அங்கே கோயில் கொண்டிருக்கும் முனியாண்டி சாமியின் பெயர்தான் அத்தனை பலகைகளிலும் இருக்கிறது. தை மாதத்தில் அந்தச் சாமிக்குத் திருவிழா. பிரசாதம், மட்டன் பிரியாணி!

கேள்விப்பட்ட நாளிலிருந்து ஒருமுறையாவது போய்விட வேண்டும் என்று ஆசை. என்னைவிட அப்பாவுக்கு அதிக ஆசை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, பிறகு சொல்கிறேன்.

அரிசி விளையாத பக்கத்தின் அரிசிச் சோறு

மதுரைக்கு வடக்கேயும் கிழக்கேயும் போனால் பச்சை வயல் தெரியும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி, மேற்கே ஓடிய தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்ததன் பலன் அது. மேலூர் பக்கத்து நெல்லெல்லாம் அந்தத் தண்ணீர் கொடுத்தது. ஆனால் தெற்கே கள்ளிக்குடியை நோக்கிப் போகப் போக பச்சை குறைந்துகொண்டே வரும். கரிசல் மண், கருவேல மரம், நடுவே கண்மாய். கண்மாயில் தண்ணீர் நின்றால் நெல், நிற்காவிட்டால் மானாவாரிதான். பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி.

இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் சின்ன வயதில் தினசரிச் சாப்பாடு கம்மங்கூழோ சோளச் சோறோதான். நெல்லுச் சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும். கறியோ அதைவிட அபூர்வம், சாமிக்கு ஆடு வெட்டினால்தான் உண்டு. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள், ஊர் ஊராகப் போய் முன்பின் தெரியாதவர்களுக்குத் தினமும் நெல்லுச் சோறும் கறிக்குழம்பும் போட்டுப் பிழைத்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆரம்பம் 1930-களில். மழை பொய்த்து விவசாயம் கைகொடுக்காத காலம். வடக்கம்பட்டிக்காரர் ஒருவர் காரைக்குடிக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார். குலம் காக்கும் சாமியின் பெயரையே கடைக்கு வைத்தார். கடை ஓடியது. அவரைப் பார்த்து உறவுக்காரர், அந்த உறவுக்காரரிடம் இலை எடுக்கப் போன பையன், அந்தப் பையனின் மச்சினன் என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடையில் வேலை கற்றுக்கொண்டவன் வேறு ஊர் பார்த்துத் தனிக்கடை போடுவான். பெயர் மட்டும் மாறாது. இங்குள்ள நாயுடு சமூகத்தாரும் ரெட்டியார் சமூகத்தாரும் இப்படித்தான் நூற்றுக்கணக்கான கடைகளாகப் பரவினார்கள். தையில் நாயுடுமார் திருவிழா, மாசியில் ரெட்டியார்மார் திருவிழா என இரண்டு முறை சாமிக்குக் கொண்டாட்டம்.

அன்றைக்கு வெளியூரில் சாப்பிடுவது சாதாரண விஷயமில்லை. 'பிராமணாள் காபி கிளப்', 'சைவாள் ஓட்டல்' என்றெல்லாம் பலகை தொங்கிய காலம். கறி சாப்பிடுகிறவர்களுக்கு 'மிலிட்டரி ஓட்டல்' என்று ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருந்தால் பெரிது. லாரி ஓட்டுகிறவர், சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர், கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வந்தவர், இவர்கள் எல்லாம் எங்கே போவார்கள்? காசு கொடுத்தால் இலை போடப்படும், நீ யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்ற ஒரு இடம் வேண்டியிருந்தது. முனியாண்டி விலாஸ் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ருசி அடுத்த விஷயம்.

இதே 1930-களில், கடல் தாண்டி இன்னொரு ஊரிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. ஜப்பானின் வடக்குத் தீவு ஹொக்கைடோவில் ஒபிஹிரோ என்று ஒரு நகரம். காடு திருத்திக் குடியேறிய விவசாயிகளின் ஊர், பன்றி வளர்ப்பு அவர்களின் தொழில்களில் ஒன்று. 1933-ல் அங்கே 'பாஞ்சோ' என்ற கடையில் ஒரு கிண்ணம் சூடான சோற்றின் மேல், இனிப்பும் உப்புமான சோயா சாறு தடவிக் கரியடுப்பில் வாட்டிய பன்றிக்கறியைப் பரப்பிக் கொடுத்தார்கள். பெயர் 'புட்டாடோன்'. உழைத்துக் களைத்தவனுக்கு ஒரே கிண்ணத்தில் முழுச் சாப்பாடு. இன்றைக்கு ஜப்பானியர்கள் அதைச் சாப்பிடுவதற்காகவே ஒபிஹிரோவுக்கு ரயில் ஏறுகிறார்கள். அங்கே சாப்பாடு ஊரிலேயே இருக்கிறது, ஆட்கள் தேடிப் போகிறார்கள். நம் வடக்கம்பட்டிச் சாப்பாடு ஊரைவிட்டுப் போய்விட்டது. வருஷத்துக்கு ஒருமுறை அதுவே ஊர் திரும்புகிறது.

அப்பாவின் அறந்தாங்கிக் கதை

அப்பாவுக்கு இப்போது 74 வயது. அந்தக் காலத்தில் பம்ப் செட் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. புதுக்கோட்டை, காரைக்குடி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை என்று மாதத்தில் இருபது நாள் பஸ்ஸில்தான் வாழ்க்கை. மதியம் எந்த ஊரில் இருந்தாலும் முனியாண்டி விலாஸ்தான் சாப்பாடு.

1979-ல் ஒரு நாள், அறந்தாங்கியில் இறங்கி நேராகக் கடைக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டிருக்கிறார். கை கழுவிவிட்டுக் கல்லாவுக்கு வந்து பாக்கெட்டில் கைவிட்டால் பர்ஸ் இல்லை. பஸ்ஸில் யாரோ அடித்துவிட்டார்கள். புது ஊர், தெரிந்த முகம் ஒன்று இல்லை. வியர்த்துப்போய் நின்றவரைக் கல்லாவில் இருந்த முதலாளி ஒரு பார்வை பார்த்தாராம்.

"சாப்பிட்டதை விடுங்க தம்பி. ராத்திரிக்கு என்ன பண்ணுவீங்க? ஊருக்கு எப்படிப் போவீங்க?"

கல்லாவிலிருந்து பத்து ரூபாயை எடுத்து நீட்டியிருக்கிறார். அப்பா முகவரி கேட்டதற்கு, "கடை இதுதான். ஊரு வடக்கம்பட்டி. தை மாசம் வாங்க, சாமியே சோறு போடும்" என்று சொன்னாராம். அப்பா அடுத்த வாரமே மணியார்டர் அனுப்பிவிட்டார். ஆனால் தை மாத அழைப்பு அப்படியே நின்றுபோயிற்று. வேலை, கல்யாணம், நாங்கள், வீட்டுக் கடன், பிறகு நெஞ்சில் ஸ்டென்ட். இப்போது டாக்டர் ஆட்டுக்கறியின் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட நேரத்தில்தான் மனிதருக்கு அறந்தாங்கி முதலாளி ஞாபகம்.

"ஒரு வாய்கூடக் கூடாது" என்று அம்மா போனில் நான்கு முறை சொன்னார். அப்பாவிடம் இல்லை, என்னிடம்.

வியாழக்கிழமை இரவு மதுரையில் தங்கினோம். ராத்திரி பத்து மணிக்கும் சிம்மக்கல் பக்கம் கல் சூடாகவே இருக்கிறது. நான் கறி தோசை சாப்பிட்டேன். கனமான தோசையின் மேல் முட்டை, அதன் மேல் சுக்காவாக வறுத்த கொத்துக்கறி, திருப்பிப் போட்டு எடுக்கிறார்கள். அப்பா இட்லி சாப்பிட்டுவிட்டு என் தட்டைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கும்போதுதான் முகம் தெளிந்தது.

அடுப்புகளின் இரவு

வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஊர் ஒரு கல்யாண வீடு மாதிரி இருந்தது. சின்ன ஊர்தான். ஆனால் தெருவெல்லாம் வெளியூர் வண்டிகள். எங்கெங்கோ கடை வைத்திருப்பவர்கள் கதவைச் சாத்திவிட்டு, குடும்பத்தோடும் கடையில் வேலை பார்ப்பவர்களோடும் வந்து இறங்கியிருந்தார்கள். காலையில் பால் குடம் முடிந்துவிட்டது. சாயங்காலம் பெண்கள் தேங்காய், பழம், பூ நிறைந்த தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு ஊர்வலமாகக் கோயிலுக்கு வந்தார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா என்னை இழுத்துக் கையில் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டு, "நடக்கா, சும்மா நின்னு வேடிக்கை பார்க்காத" என்றார். நானும் நடந்தேன்.

பிறகு ஆடுகள். அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பார்க்கத் தயங்குபவர்கள் அந்த நேரத்தில் தள்ளி நிற்கலாம், நானும் அப்பாவும் அதைத்தான் செய்தோம்.

நான் பார்க்க வந்தது அடுப்பைத்தான். கோயிலை ஒட்டிய இடத்தில் வரிசையாக அடுப்பு மூட்டி, ஆள் உள்ளே உட்காரலாம் போன்ற அண்டாக்களை ஏற்றியிருந்தார்கள். விழா பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளில் அரிசி 1,000 கிலோவுக்கு மேல், ஆடு 200-க்கு மேல் என்று படித்திருக்கிறேன். வருஷத்துக்கு வருஷம் கணக்கு கூடும், குறையும். எண்ணைப் படிப்பது வேறு. நள்ளிரவில் அந்தச் சூட்டுக்கு முன்னால் நிற்பது வேறு.

சமைப்பவர்கள் எல்லோரும் தொழில்காரர்கள். தங்கள் ஊரில் முதலாளிகள், இங்கே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்கிறார்கள். எண்ணெயும் நெய்யும் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய். வெங்காயம் சிவக்கும் வரை பொறுமை. இஞ்சி பூண்டு விழுது விழுந்ததும் கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சியது. புதினா, மல்லி, தக்காளி, தயிர், அப்புறம் கறி. கறி பாதிக்கு மேல் வெந்ததும் தண்ணீர் அளந்து ஊற்றி, கொதி வந்தவுடன் அரிசி. தண்ணீர் வற்றி அரிசியோடு சமமாக நிற்கும் நேரம்தான் முக்கியமாம். அந்த நேரத்தில் கீழே விறகை இழுத்துவிட்டு, மூடி போட்டு, மூடி மேலே தணலை அள்ளிக் கொட்டுகிறார்கள். மேலேயும் கீழேயும் மிதமான சூட்டில் சோறு தானாக வெந்து அடங்குகிறது. தம் என்பது அதுதான்.

"வீட்டுக்கு அஞ்சு பேருக்குச் செய்யும்போது குழைஞ்சிடுதே, ஏன்?" என்று ஒரு மாஸ்டரிடம் கேட்டேன்.

"நடுவுல நடுவுல திறந்து பார்ப்பீங்க. ஆவி போயிடும்ல. இங்கே யாரையாவது திறக்க விடுவோமா?" என்றார், துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு.

"எந்த வருஷம் ஐயா?"

விடிவதற்கு முன்பே வரிசை ஆரம்பித்துவிட்டது. சாமிக்குப் படைத்த பிறகு பிரியாணி வெளியே வந்தது. உட்கார்ந்து சாப்பிட ஒரு பக்கம், வீட்டுக்கு வாங்கிப் போக இன்னொரு பக்கம். பக்கத்து ஊர்களிலிருந்து தூக்குவாளி, குடம், சம்படம் என்று கையில் கிடைத்ததோடு வந்திருந்தார்கள். உள்ளூர், வெளியூர் பேதம் இல்லை. காசு இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் ராத்திரி முழுக்க லாரி ஓட்டிக்கொண்டு வந்து, விஷயம் தெரிந்து வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தவர்.

ருசி? முட்டை கிடையாது, தயிர்ப் பச்சடி கிடையாது, தால்சா கிடையாது. ஆம்பூரின் நெய் மினுமினுப்போ, ஹைதராபாத்தின் குங்குமப்பூ வாசமோ தேடாதீர்கள். விறகுப் புகை ஏறிய, கொஞ்சம் காரமான, கறிச்சாறு முழுக்க உள்ளே போன சோறு. சுடச்சுட, தை மாதப் பனியில், காலை ஐந்து மணிக்கு. நகரத்துக் கடைகளில் பெரிய விலை கொடுத்து நான் சாப்பிட்ட பல பிரியாணிகளைவிட இது நன்றாக இருந்தது. காலை ஐந்து மணிப் பசியும் ஒரு காரணமாக இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா தட்டைக் கையில் வாங்கினார். கறித் துண்டுகளை எல்லாம் எடுத்து என் தட்டில் வைத்தார். சோற்றில் ஒரு கவளம் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பிரசாதம்மா, சாப்பாடு இல்லை" என்றார். அந்த ஒரு கவளத்தில் நிறுத்தினார் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம்.

பிறகு தேடல் ஆரம்பமானது. வெள்ளை வேட்டியில் தெரிந்த ஒவ்வொருவரிடமும், "அறந்தாங்கியில கடை வெச்சிருந்தவங்க யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார். பெயர் தெரியாது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கடை, கல்லாவில் இருந்தவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் திருமண். இவ்வளவுதான் அடையாளம்.

"எந்த வருஷம் ஐயா?"

"எழுபத்தொன்பது."

ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். "எங்க பெரியப்பா அப்போ பட்டுக்கோட்டையில இருந்தாரு." "இல்லண்ணே, அறந்தாங்கியில ரெண்டு கடை இருந்துச்சு, ஒண்ணு கைமாறிடுச்சு." "திருமண் போட்டா நம்ம கிழக்குத் தெரு ஆளா இருக்கும்." "நம்ம ஊர்ல யாருய்யா திருமண் போடல?" எல்லோருக்கும் ஒரு பெரியப்பா இருந்தார், எல்லாப் பெரியப்பாவும் யாருக்கோ பஸ் காசு கொடுத்திருந்தார். கடைசிவரை ஆள் யார் என்று தெரியவில்லை. வயதான ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அறந்தாங்கியிலேருந்து உங்க ஊருக்கு அன்னிக்கு பத்து ரூபா ஆகாதே! மிச்சத்துக்கு டீ குடிச்சீங்களா?" என்றார். அப்பா வெகு நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்ததைப் பார்த்தேன்.

அந்தப் பெரியவர்தான் இன்னொன்றும் சொன்னார். கடை திறந்ததும் முதல் இலைக்கு வரும் காசைச் சாமிக்கென்று தனியாக எடுத்து வைப்பார்களாம். வருஷம் முழுக்கச் சேர்ந்த அந்தக் காசு தையில் ஊருக்கு வரும். "நீங்க என்னிக்காவது ஒரு நாள் முதல் இலையில உக்காந்திருப்பீங்க. உங்க காசும் இந்த அண்டாவுக்குள்ள வந்திருக்கு" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. முப்பது வருஷ டூரில் எத்தனை நாள் முதல் ஆளாகப் போனோம் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ.

அடுத்த கல்லாவில் யார்?

வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அப்பாவுக்கு டெல்டா பக்கம் ஒரு கடை. "வருஷம் தவறாம லீவு போட்டு வந்துடுவேன்க்கா. ஆனா கடையை நான் எடுத்து நடத்தமாட்டேன். காலையில நாலு மணிக்குக் கறிக்கடை, ராத்திரி பதினொண்ணுக்குக் கல்லாக் கணக்கு. அப்பாவே வேண்டாம்னுட்டார்" என்றார்.

இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை பொய்த்த நிலத்தை விட்டு தாத்தா அடுப்புக்குப் போனார். அடுப்பின் சூட்டை விட்டுப் பேரன் ஏ.சி. அறைக்குப் போகிறான். ஆனால் ஊர்களில் அந்தப் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்குவதையும் பார்க்கிறோம். பஸ் ஸ்டாண்ட் எதிரே இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கதவு போட்ட பிரியாணிக் கடை, போனில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கே வருகிறது. 1957-ல் திண்டுக்கல்லில் ஒரே கடையாக ஆரம்பித்த தலப்பாக்கட்டி இன்று பல நாடுகளில் கிளை வைத்திருக்கிறது. ஒரே பெயர், ஒரே நிர்வாகம், எங்கே போனாலும் ஒரே ருசி. முனியாண்டி விலாஸுக்கு அந்த வழி இல்லை. அதன் பெயர் யாருக்கும் தனிச் சொத்தில்லை. அது பலமா, பலவீனமா என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். "தெரியலக்கா. இந்தாங்க, இன்னும் கொஞ்சம் வெச்சுக்கங்க" என்று கரண்டியைக் கவிழ்த்தார்.

போக நினைப்பவர்களுக்கு

திருவிழா பெரும்பாலும் தை மாத இரண்டாவது வெள்ளிக்கிழமையை ஒட்டி வரும். பிரியாணி சனிக்கிழமை விடிகாலையில். கிளம்பும் முன் தேதியை ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து திருமங்கலம் வரை பஸ்ஸுக்குக் குறைவில்லை, அங்கிருந்து கள்ளிக்குடி பக்கம் போக வேண்டும். மதுரை - விருதுநகர் பாதையில் கள்ளிக்குடியில் சின்ன ரயில் நிலையமும் உண்டு. ஊரில் லாட்ஜ் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. மதுரையிலோ திருமங்கலத்திலோ தங்கிக்கொள்வது நல்லது. இரவு பனி இருக்கும், குழந்தைகளுக்குக் குல்லாவும் பெரியவர்களுக்கு ஒரு போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிடும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விடிந்தபிறகு எல்லாச் செருப்பும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

வீட்டுக்கு வாங்கி வருவதாக இருந்தால் பிளாஸ்டிக் பை வேண்டாம், சூட்டில் தாங்காது. மூடி இறுக்கமாக இருக்கிற தூக்குவாளியாகப் பார்த்து எடுத்துப் போங்கள்.